துப்புச் சொல்லும் தையல்

1900 டிசம்பரில் ஒரு நள்ளிரவு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் ஹோசக் என்ற விவசாயி, தூக்கத்திலேயே கோடரியால் தாக்கப்பட்டு இறந்துபோனார். பக்கத்தில் படுத்திருந்த மனைவி மார்கரெட் மீது பழி விழுந்தது. 1901இல் அவரைக் குற்றவாளி என்றது பன்னிரண்டு ஆண்கள் கொண்ட ஜூரி. பெண்கள் ஜூரியில் உட்கார அங்கே அப்போது உரிமை இல்லை. மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. 1903இல் நடந்த மறுவிசாரணை முடிவு எட்டாமலே நின்றுபோனது.

அந்த வழக்கைச் செய்தியாக எழுதியவர் சூசன் கிளாஸ்பெல் என்ற இளம் நிருபர். 1916இல் அதை ‘டிரைஃபிள்ஸ்’ என்ற ஓரங்க நாடகமாக ஆக்கினார். அடுத்த ஆண்டு அதையே சிறுகதையாகவும் எழுதினார்.

நாடகத்தில், கணவனைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்படும் பெண்ணின் வீட்டில் ஷெரீப்பும் அரசு வழக்கறிஞரும் மாடியிலும் கொட்டகையிலும் தடயம் தேடுகிறார்கள். அடுப்படியில் விடப்பட்ட இரண்டு பெண்கள், பாதியில் நிற்கும் ஒரு குவில்ட்டைப் பார்க்கிறார்கள். துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை அது. எல்லாக் கட்டங்களிலும் தையல் சீராக ஓட, ஒன்றில் மட்டும் தாறுமாறாகக் கிடக்கிறது. தைத்தவளின் மனம் எந்த இடத்தில் உடைந்தது என்று அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. தையல் பெட்டிக்குள், கணவன் கழுத்தை முறித்துக் கொன்ற அவளுடைய கேனரிப் பறவை கிடைத்ததும் கொலைக்கான காரணமும் தெரிந்துவிடுகிறது. போர்வையைப் பற்றிய அவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்த ஆண்களுக்குக் கடைசிவரை ஒன்றும் பிடிபடுவதில்லை.

கொலைக்கு ஒரு டிசைன்

இன்று ‘கோஸி மிஸ்டரி’ என்ற வகையில் குவில்ட் நாவல்களுக்குத் தனி வாசகர் கூட்டமே இருக்கிறது. சிறிய ஊர், ரத்தம் தெறிக்காத கொலை, போலீஸ் வேலை பார்க்காத ஒரு பெண் துப்பறிவாளர் என்பது இவற்றின் பொது அமைப்பு. ஏர்லீன் ஃபவுலர் 1994இல் ‘ஃபூல்ஸ் பஸில்’ நாவலோடு தொடங்கிய தொடர் இதில் முக்கியமானது. கதாநாயகி பென்னி ஹார்ப்பர், பண்ணையில் வளர்ந்த இளம் விதவை. கலிஃபோர்னியாவின் கற்பனை ஊரான சான் செலினாவில் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தை நடத்துகிறார். தொடரின் ஒவ்வொரு தலைப்பும் ஒரு குவில்ட் டிசைனின் பெயர். 1999இல் வந்த ‘மரினர்ஸ் காம்பஸ்’, இவ்வகை நாவல்களுக்கான அகதா விருதைப் பெற்றது.

குவில்ட் தைக்கும் பெண்கள் குழு துப்பறியும் கதைக்கு இவ்வளவு பொருந்துவதற்கு அதன் வேலைமுறையே காரணம். மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி மூன்றையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்கில் தைப்பார்கள். கை வேலையில் இருக்க, வாய் ஊர்க்கதை பேசும். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும். தையலைப் பார்த்தே தைத்தவர் யாரென்று சொல்லக்கூடியவர்கள் அந்தப் பெண்கள்.

அட்டையில் குவில்ட் படத்தைப் போட்டுவிட்டு, கதையில் ஊசியைத் தொடாத நாவல்களும் வருகின்றன. அவற்றில் எனக்கு ஈடுபாடில்லை. துணி, நூல், சாயம் பற்றிய அறிவால் முடிச்சு அவிழும்போதுதான் இந்த வகை தன் முழு வலிமையைக் காட்டுகிறது. வீட்டு வேலை என்று ஒதுக்கப்பட்ட ஒரு திறமை அப்போது சாட்சியமாக எழுந்து நிற்கிறது. பொழுதுபோக்கு நாவல்தானே என்று இவற்றைத் தள்ளிவிடுகிறவர்கள், கிளாஸ்பெல்லின் அடுப்படியில் அந்த ஆண்கள் செய்த பிழையையே செய்கிறார்கள்.