கை தூக்காத ரோபோ

என் அக்காள் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக ஒரு குட்டி ரோபோ செய்தாள். வீட்டில் அது சமர்த்தாகக் கையைத் தூக்கி எல்லோருக்கும் வணக்கம் போட்டது. கண்காட்சியிலோ, மூன்றாவது வணக்கத்தோடு கை தொங்கிவிட்டது! அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தோம். மோட்டார் மேல் குற்றமில்லை. பாட்டரி மேலும் குற்றமில்லை. கைக்குப் போகும் கம்பி ஒன்று, சால்டரிங் செய்த இடத்துக்குச் சற்று மேலே, உறைக்குள்ளேயே முறிந்து கிடந்தது.

உங்கள் வீட்டிலும் பிள்ளையோ பெண்ணோ கம்பியும் சக்கரமுமாக உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? ஆகவே இந்தச் சங்கதியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கம்பிகளை இணைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சால்டரிங். பத்தர் பொடி வைத்து ஊதிச் சங்கிலியை ஒட்டுகிறாரே, அந்த ஜாதிதான். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த உலோகம் 183 டிகிரி சென்டிகிரேடில் உருகி, ஆறியதும் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். மற்றொன்று கிரிம்பிங். இதற்கு நெருப்பே வேண்டாம். கம்பியின் நுனியைச் சிறிய உலோகக் கூட்டில் வைத்து, அதற்கென்றே உள்ள இடுக்கியால் அழுத்தினால் போதும்.

எது உசத்தி என்கிறீர்களா? இடத்தைப் பொறுத்தது!

ஆடாமல் அசையாமல் இருக்கும் சர்க்யூட் பலகைக்கு சால்டரிங்தான் சரி. ஓயாமல் மடங்கி நிமிரும் கைக்கு அது ஆகாது. கம்பிக்குள்ளே பல மெல்லிய செப்பு இழைகள் இருக்கின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, உருகிய ஈயம் அந்த இழைகளுக்கிடையே ஏறிவிடுகிறது. ஏறிய வரைக்கும் கம்பி விறைத்துப் போகிறது. அசைவு முழுவதும் அந்த விறைப்பு முடிகிற இடத்தில் விழ, ஒரு நாள் அங்கேயே முறிகிறது.

கிரிம்பிங் கூட்டிலோ பெரும்பாலும் இரண்டு ஜோடிக் காதுகள் இருக்கும். முன் ஜோடி செப்பைப் பிடிக்கும். பின் ஜோடி மேலுறையைப் பிடித்து இழுப்பைத் தாங்கிக்கொள்ளும்.

ஆனால் கையில் கிடைத்த குறடால் நசுக்கக் கூடாது. பூத் தொடுக்கிறவர்களுக்கு இது தெரியும்: முடிச்சு தளர்ந்தால் பூ உதிரும், இறுகினால் காம்பு அறும். கம்பியின் பருமனுக்கேற்ற கூடும், சரியான இடுக்கியும் வேண்டும். முடிந்ததும் ஒவ்வொன்றையும் லேசாக இழுத்துப் பாருங்கள்.

"முதலில் ஈயம் வைத்து, பிறகு நெரித்தால் இரட்டிப்புப் பலமாயிற்றே!" என்று தோன்றும். வேண்டாம்! ஈயக் கலவை மிருதுவானது. அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து, பிடி தளர்ந்துவிடும். அமெரிக்காவின் நாசாவே, ஈயம் பூசிய இழைக்கம்பியை கிரிம்பிங் செய்யக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது.

இடுக்கி வாங்க வசதியில்லையா? சால்டரிங் செய்த இடத்துக்கு உறை மாட்டி, அந்த இடம் மடங்காதபடி கம்பியை ரோபோவின் உடம்போடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். எந்த வேலைக்கும் முன்னால் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். சால்டரிங் செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். சாப்பாட்டு மேஜை மட்டும் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பலகாரத் தட்டை நீட்டாதீர்கள்!

அக்காள் பெண் கம்பிகளையெல்லாம் மாற்றிவிட்டாள். இப்போது அவர்கள் வீட்டுக்கு யார் போனாலும், அந்த ரோபோவிடம் வணக்கம் வாங்காமல் உள்ளே நுழைய முடிவதில்லை!