நாலு சதவீதத்துக்கு இருபத்தைந்து ஆண்டு

மாதம் 15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கும் தொழிலாளி ஒருவரின் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று தொகைகள் இருக்கும். அவர் சம்பளத்தில் பிடித்தது 1,800. முதலாளி பங்கில் பி.எஃப்.புக்குப் போனது 550. பென்ஷனுக்குப் போனது 1,250. முதல் இரண்டுக்கும் ஆண்டுதோறும் வட்டி ஏறும். மூன்றாவது பத்தியில் எத்தனை வருடம் ஆனாலும் வட்டி என்று ஒரு பைசா காட்டாது.

“நம்ம பணத்துக்கு ஏன் வட்டி இல்லை?” என்று கேட்காத தொழிலாளி இல்லை. பதில் எளிது. அந்த 1,250 அவர் பெயரில் தனியாக இருப்பதில்லை. நாடு முழுவதும் உள்ள தொழிலாளர்களின் பொது நிதியில் கலந்துவிடுகிறது. அரசும் தன் பங்காகச் சம்பளத்தில் 1.16 சதவீதம் போடுகிறது. உயிருள்ளவரை மாதாமாதம் ஒரு தொகை தருவதாக அந்த நிதி வாக்குக் கொடுக்கிறது. 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கும் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் அடிப்படை இதுதான்.

தொகையைக் கணக்கிடும் சூத்திரம் ஒரே வரி. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் கணக்குக்கு 15,000தான் உச்சம். 35 ஆண்டு உழைத்தவருக்குச் சம்பளத்தில் பாதி கிடைக்கும்படி வைத்த எண்தான் அந்த 70. பத்தே ஆண்டு உழைத்தவருக்கு 2,143 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் அதைப் பெறுவதா இழப்பதா என்பதைத் தீர்மானிக்கும் கணக்கு சின்னதல்ல.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் பாலாறு சோதனைச்சாவடி இருக்கிறது. வேலூர்ப் பாலாறு வேறு. இது காவிரியில் சேரும் சிற்றாறு. அந்தப் பக்கம் கர்நாடகம். இந்தப் பக்கம் சேலம் மாவட்டம். பிழைப்புக்காக இந்த எல்லையைக் கடப்பவருக்குப் பணிக்காலமும் இரண்டு மாநிலங்களில் சிதறிவிடும். 15,000 ரூபாய்ச் சம்பளக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மேட்டூர் ஆலை ஒன்றில் 5 ஆண்டு, பிறகு கர்நாடகத்தின் நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் 4 ஆண்டு 6 மாதம். இப்போது வயது 57. பென்ஷனுக்குப் பத்தாண்டு வேண்டும் என்கிறது விதி. அவருக்குப் பென்ஷன் உண்டா?

உண்டு. ஆறு மாதமும் அதற்கு மேலும் ஒரு முழு ஆண்டாக எண்ணப்படும். எனவே ஒன்பதரை ஆண்டு பத்தாகிறது. ஒரு மாதம் குறைந்து 9 ஆண்டு 5 மாதம் ஆகியிருந்தால், சுமார் ஒன்றரை லட்சம் ரூபாயை ஒரேயடியாகக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்திருப்பார்கள். ஒன்பதரை ஆண்டுக்காரருக்கு மாதம் 2,143. இதை 70 மாதம் வாங்கினாலே அந்த ஒன்றரை லட்சம் வந்துவிடும். அதற்குப் பின் வருவதெல்லாம் மேல்வரவு. அவர் காலமானால் மனைவிக்குப் பாதித் தொகை. அந்த ஒரு மாதத்தின் மதிப்பு இவ்வளவு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மேட்டூர் வேலையை விட்டபோதே படிவம் 10சி கொடுத்துப் பென்ஷன் பணத்தையும் எடுத்திருந்தால் அந்த ஐந்தாண்டு அழிந்துபோயிருக்கும். அதே படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டிருந்தால் பணிக்காலம் அப்படியே நிற்கும், அடுத்த வேலையோடு சேரும். எந்த மாநிலம் என்பது பொருட்டல்ல. 2025 ஜனவரி முதல் மையப்படுத்திய முறை வந்துவிட்டதால், நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பென்ஷனை வாங்கலாம்.

சரி, யார் எத்தனை நாள் இருப்பார் என்று தெரியாமல் ஆயுள் முழுக்கத் தருவதாக எப்படி வாக்குக் கொடுக்க முடிகிறது? வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி 1693-இல் இதற்கு வழி காட்டினார். பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து அவர் போட்ட பட்டியலில், ஒரு வயதில் ஆயிரம் பேராகத் தொடங்குபவர்களில் 60 வயதில் 242 பேர் இருக்கிறார்கள். 70-இல் 142 பேர். 80-இல் 41. அந்த 242 பேரில் யார் அந்த 41 பேர் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஏறக்குறைய 41 பேர் என்று சொல்லிவிடலாம். சீக்கிரம் போகிறவர்கள் விட்டுச்செல்லும் பணம் நீண்டநாள் இருப்பவர்களுக்குப் போகிறது. பென்ஷன் என்ற ஏற்பாடே இதன்மேல்தான் நிற்கிறது. ஆயுள் தொகைப் பத்திரங்களை வயது பாராமல் ஒரே விலைக்கு விற்றுவந்த ஆங்கில அரசு நட்டப்படுகிறது என்பதையும் அதே கணக்கு காட்டியது.

நம் 57 வயதுக்காரருக்கு வருவோம். முழுப் பென்ஷன் 58-இல். வேலையில் இல்லாதவர் 50-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். இப்போதே பென்ஷன் விண்ணப்பமான படிவம் 10டி கொடுத்தால் அவருக்கு 2,057. மாதம் 86 ரூபாய் நட்டம், அதுவும் வாழ்நாள் முழுக்க. பலர் இதைப் பார்த்துத் தயங்கி நிற்பார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். முந்திக்கொண்டதால் ஓராண்டில் கைக்கு வருவது 24,686 ரூபாய். மாதம் 86 வீதம் அதைத் திருப்பிக் கட்ட 288 மாதம், அதாவது 24 ஆண்டு. 82 வயதைத் தாண்டினால்தான் காத்திருந்தவர் ஜெயிப்பார். 58-இலிருந்து 59-க்குத் தள்ளிப்போட்டால் 4 சதவீதம் கூடும். அந்த ஆண்டில் விட்டதைப் பிடிக்க 25 ஆண்டு, 84 வயது ஆகும். இந்தியாவில் 60 வயதைத் தொட்டவருக்குச் சராசரியாக இன்னும் சுமார் 18 ஆண்டு ஆயுள். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில், முழு ஓய்வு வயதைத் தாண்டிக் காத்திருந்தால் ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டித் தருகிறார்கள். அங்கே பன்னிரண்டரை ஆண்டில் ஈடாகிவிடும். போதாக்குறைக்கு நம் பென்ஷன் விலைவாசியோடு உயர்வதில்லை. இருபது வருடம் கழித்து வரும் 86 ரூபாய்க்கு என்ன வாங்க முடியும்?

அதற்காக எல்லோரும் 50-இலேயே ஓடிப்போய் வாங்கிவிடக் கூடாது. எட்டாண்டு முந்தினால் கால் பங்குக்கு மேல் நிரந்தரமாகப் போய்விடும். வேலை இருப்பவருக்குக் கணக்கே வேறு. ஓராண்டு கூட உழைத்தால் பணிக்காலம் ஓராண்டு கூடி, மாதம் 214 ரூபாய் ஏறும். சும்மா காத்திருந்தால் 86. ஆகவே வேலை இருந்தால் தொடர்வதுதான் லாபம். நின்றுவிட்டால், 58-க்கு ஓராண்டு முன்பு அந்த நாலு சதவீதத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: பழைய ஆலை வேலையை விட்ட தேதியைத் தவறாகப் பதிந்து, ஒன்பதரை ஆண்டு ஒன்பதேகால் என்று நிற்கிறதா என்பதற்கு. அதைத் திருத்த வேண்டிய நேரம் விண்ணப்பிக்கும் நாளல்ல, இப்போதே.