ஊதினால் என்ன தெரியும்?

ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் என் கடை வாசலில் இன்ஜினீயரிங் பிள்ளைகள் கூட்டம்தான். “அண்ணா, எம்க்யூ-3 இருக்கா?” குடித்தவர் ஊதினால் விளக்கு எரிய வேண்டும். துணிந்தவர்கள் எம்க்யூ-138 கேட்பார்கள். ஊதினால் சர்க்கரை நோயே தெரிய வேண்டுமாம்.

விரல்நுனி அளவு வாயு சென்சார். வலைமூடிக்குள் ஒரு பீங்கான் குழாய், அதன்மேல் வெள்ளீய ஆக்ஸைடு பூச்சு, குழாய்க்குள் ஹீட்டர் கம்பி. 5 வோல்ட் கொடுத்தால் சூடேறும். சூடான பூச்சின்மேல் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் ஒட்டி, எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், மின்தடை ஏறும். ஆல்கஹால் ஆவி வந்து அந்த ஆக்ஸிஜனைத் தின்றதும் எலெக்ட்ரான்கள் திரும்பும், மின்தடை இறங்கும். ஜப்பானியர் டகுச்சி 1962-ல் இதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கேஸ் கசிந்தால் கத்தும் அலாரம் அந்த வழியில் வந்ததுதான்.

வினை நடப்பது மேற்பரப்பில். துகள் சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு கூடும். வெள்ளீய ஆக்ஸைடு துகள் சுமார் 6 நானோமீட்டருக்குக் கீழே போனால் உணர்திறன் சட்டென்று எகிறும். நானோவுக்கு இவ்வளவு மவுசு அதனால்தான். எங்கள் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் நவகாந்த பட் குழுவினர், ஸ்வீடன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, துத்தநாக ஆக்ஸைடைத் தேன்கூடு வடிவில் படியவைத்து ஒரு சென்சார் செய்தார்கள். காற்றில் கார்பன் மோனாக்ஸைடு பத்து லட்சத்தில் அரைப் பங்கு மாறினாலும் காட்டிவிடும். ரோட்டுப் புகைக்காகச் செய்தது அது. மூச்சைப் படிக்கவும் அந்த அளவு நுணுக்கம் வேண்டும்.

ஆனால் மூச்சு லேசுப்பட்டதல்ல. வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1971-லேயே அதில் சுமார் 250 பொருள்களைக் கண்டார். போதாததற்கு ஈரம் வேறு. நீராவியும் மின்தடையை மாற்றும். கவுண்டரில் ஒரு மாணவி தன் கருவியைக் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவர் கையில் சானிடைசர் தேய்த்தார், பஸ்ஸர் அலறியது. எம்க்யூ-3-க்கு பிராந்தியும் ஒன்றுதான், சானிடைசரும் ஒன்றுதான்.

சர்க்கரை விஷயத்தில் தேடுவது அசிட்டோனை. நலமாக இருப்பவர் மூச்சில் அது பொதுவாகப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சர்க்கரை கட்டுக்கு மீறினால் கூடும். நாள் முழுக்க விரதம் இருந்தாலும் கூடும்! சூரிச்சில் டங்ஸ்டன் ஆக்ஸைடில் சிலிக்கான் கலந்து, அசிட்டோனை ஓரளவு பிரித்தறியும் சென்சார் செய்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனாலும் அசிட்டோன் அளவு ரத்தச் சர்க்கரை அளவு ஆகிவிடாது.

அதனால் கடைக்கு வரும் பெரியவர்களுக்கு நான் சொல்வது: மூச்சு மிஷினை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ குறைக்காதீர்கள். இப்போதைக்கு மூச்சு, விரலில் குத்திப் பார்ப்பதற்கு மாற்றாகாது.