ஏழரை மணி ஜெபமாலை... எட்டு மணி எம்-த்ரீ!

சாயங்காலம் மணி ஏழரை. நாளைக்கு எம்-த்ரீ இன்டர்னல். ஃபோரியர் சீரிஸில் பாதிக்கு மேல் புரியவே இல்லை. சரியா அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா கூப்பிடுவாங்க, ‘‘டேய், ஜெபமாலைக்கு வா!’’ தலையணைக்கு அடியில் லைப்ரரி நாவல் ஒண்ணு அறுபதாவது பக்கத்தில் குப்புறக் கிடக்கும். மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு அப்பா வேற வாசலில் இருந்து குரல் கொடுப்பார்.

நீங்களா இருந்தா இதில் எதை எடுப்பீங்க, எதை விடுவீங்க?

வில்லியனூர், பாகூர் பக்கத்து கிராமங்களில் இருந்து பஸ் பிடிச்சு காலேஜுக்கு வர்ற கிறிஸ்தவ வீட்டுப் பசங்களுக்கு இது தினசரி அவஸ்தை. உங்க வீட்டில் அது விளக்கு ஏத்துற நேரமா இருக்கலாம், தொழுகை நேரமா இருக்கலாம். பேர்தான் வேற பாஸ், பிரச்னை ஒண்ணுதான்!

நான் கண்டுபிடிச்ச ஃபார்முலா ரொம்ப சிம்பிள். மூணாவது செமஸ்டர் ரிசல்ட் வந்துச்சு. ரெண்டு அரியர். தவக்காலம் தொடங்கப் போற நேரம். வீட்டில் எல்லாரையும் உட்கார வெச்சு அறிவிச்சுட்டேன்: ‘‘இனிமே என்னை ஜெபத்துக்குக் கூப்பிடாதீங்க. படிக்கணும்.’’ அம்மா முகம் சுருங்கிப் போச்சு. ஆனா ஒண்ணும் சொல்லலை.

இதில் அதிகம் அடிபட்டது ஆயாதான். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. தினமும் ஜெபமாலை முடிஞ்சதும் பைபிளில் ஒரு அதிகாரம் அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுறது சின்ன வயசில் இருந்தே என் டியூட்டி. அதையும் சேர்த்து நிறுத்திட்டேன்.

நாற்பது நாள் கழிச்சு என்ன ஆச்சு தெரியுமா? ஜெபத்திலும் வாசிப்பிலும் நான் மிச்சம் பிடிச்சது தினம் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் பத்திரமா செல்போனுக்குள்ளே போய்ச் சேர்ந்திருந்துச்சு. ஃபோரியர் அதே இடத்தில் இருந்தார். நாவலும் அதே அறுபதாவது பக்கம்!

ஈஸ்டர் முடிஞ்சு வில்லியனூர் மாதா கோயில் திருவிழா வந்தது. ஆயாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். கும்பிட்டு முடிச்சு, மாதா குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அப்போ ஆயா சும்மா சொன்ன மாதிரி சொன்னாங்க, ‘‘மாதாவைப் பார்த்தாளே ஒரு பொண்ணு, அவளுக்கும் என்னை மாதிரி படிக்கத் தெரியாதாம்டா. சாமியார் பிரசங்கத்தில் சொன்னாரு.’’

இத்தனை வருஷமா இந்தக் கோயிலுக்குப் போறேன், அந்தப் பொண்ணைப் பத்தி நான் யோசிச்சதே இல்லை. தேடிப் படிச்சேன். அசந்துட்டேன்!

வில்லியனூரில் இருக்கிறது லூர்து மாதா. 1877-ல், இந்த ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தப்போ, பிரான்ஸில் இருந்து கப்பலில் வந்த சுரூபம் அது. அதுக்கு 19 வருஷம் முன்னாடி, 1858 பிப்ரவரி 11-ம் தேதி, பிரான்ஸின் லூர்து நகரத்தில் 14 வயசுப் பொண்ணு ஒருத்தி விறகு பொறுக்கப் போனாள். பேர் பெர்னதெத். அங்கே ஒரு குகையில் மாதாவைப் பார்த்ததாகச் சொன்ன அந்தப் பொண்ணாலதான் உலகம் முழுக்க இத்தனை லூர்து மாதா கோயில்கள்.

ஆனா என்னைப் பிடிச்சு நிறுத்தினது காட்சி இல்லை, அவள் வீடு. அப்பா மாவு மில் நடத்தி நொடிச்சுப் போனவர். அம்மா, அப்பா, நாலு பிள்ளைங்க, மொத்தம் ஆறு பேருக்கும் ஒரே அறை. அதுவும் பழைய சிறைச்சாலை அறை! பெர்னதெத்துதான் மூத்தவள். ஆஸ்துமா வேற. தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கணும், விறகு பொறுக்கணும், கொஞ்ச காலம் வேறொரு ஊரில் ஆடு மேய்க்கவும் அனுப்பினாங்க. பள்ளிக்கூடம் எங்கே போறது? அவளுக்குத் தெரிஞ்சது அந்த வட்டாரத்துப் பேச்சு மொழி மட்டும்தான். ஞானோபதேசப் பாடமோ பிரெஞ்சில். மண்டையில் ஏறவே இல்லை. தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது முடிச்சுட்டு, முதல் நாள் இன்ஜினீயரிங் கிளாஸில் இங்கிலீஷ் லெக்சர் கேட்டு முழிச்சவங்க கொஞ்சம் கை தூக்குங்க! நம்ம கட்சி ஆள் அவள்.

தன்கிட்ட பேசின அந்தப் பெண்மணி, எங்க ஊர்ப் பேச்சிலேயேதான் பேசினாங்கன்னு பெர்னதெத் சொன்னாள். அதை நம்புறது, நம்பாதது உங்க இஷ்டம். ஆனா புரியாத மொழியில் திணறினவளுக்கு, தன் மொழியில் ஒருத்தர் மரியாதையா பேசினது எவ்வளவு பெரிய விஷயம்னு நமக்குப் புரியும்.

அப்புறம் 1860-ல் கன்னியாஸ்திரீகள் தங்களோட இல்லத்திலேயே அவளைத் தங்க வெச்சு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. 1861-ல், 17 வயசில், தான் பார்த்ததைத் தன் கையாலேயே எழுதினாள். அவள் இறந்தது 1879-ல். அப்படின்னா வில்லியனூருக்கு சுரூபம் வந்து இறங்கினப்போ அவள் உயிரோடுதான் இருந்திருக்காள்!

ஓடி வந்து ஆயாகிட்ட சொன்னேன். ‘‘ஆயா, அவள் கத்துக்கிட்டாள். தானே எழுதியிருக்காள்!’’

ஆயா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டாங்க, ‘‘அப்போ அவ தம்பி தங்கச்சியை யாரு பார்த்துக்கிட்டா?’’

எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. ஆயா படிக்காம போனதே அதனாலதான். கூடப் பிறந்தவங்களைத் தூக்கி வளர்த்தே அவங்க சின்ன வயசு முடிஞ்சு போச்சு. பேலன்ஸ், பேலன்ஸ்னு நான் பேசிக்கிட்டு இருந்தேனே, என் தராசோட இன்னொரு தட்டை யாரோ தாங்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்காங்க. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டாத நாளெல்லாம் அம்மா காட்டியிருக்காங்க. இது எனக்கு உறைக்க 20 வயசு ஆகியிருக்கு!

பாகூர்க்காரங்களுக்கு இது புதுசு இல்லை. 9-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒண்ணு பாகூர்ல கிடைச்சிருக்கு. அங்கே இருந்த வித்யாஸ்தானம், அதாவது கல்விச்சாலை நடக்கிறதுக்காக மூணு கிராமங்களைக் கொடுத்த விவரம் அதில் இருக்கு. கொஞ்ச பேர் உட்கார்ந்து படிக்க, மூணு ஊர் விளைச்சல்! அது வேதம் படிச்சவங்களோட இடம். எங்க ஆயா மாதிரி ஆளுங்களுக்குக் கதவு திறந்திருக்காது. ஆனாலும், படிக்கிறவனுக்குப் பின்னாடி எப்பவும் உழைக்கிறவங்க இருக்காங்கன்னு அந்தச் செப்பேடு சொல்லாமச் சொல்லுது.

‘குடும்பம், வேலை, பக்தி எல்லாம் இருக்கு, புத்தகத்துக்கு எங்கே பாஸ் நேரம்?’னு கேட்கிறவங்களுக்கு ஒருத்தரைக் காட்டுறேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1826-ல் பிறந்தவர். திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளரா ஆரம்பிச்சு, மொழிபெயர்ப்பாளராகி, முன்சீப் ஆனவர். கத்தோலிக்கர். 1873-ல் மாதா மேல் அந்தாதி பாடினார். 1878-ல் எல்லா மதத்தாருக்கும் பொதுவா சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள். 1879-ல், தமிழின் முதல் நாவல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு நெருங்கிய நண்பர். வீட்டிலோ சாவுக்கு மேல் சாவு. மனைவிமார்களை அடுத்தடுத்து இழந்தவர். 1876-78 பஞ்சத்தில் சொந்தக் காசைப் போட்டுப் பசியாற்றினார். பக்தியை ஒரு பெட்டி, எழுத்தை ஒரு பெட்டின்னு பூட்டி வெச்சிருந்தா இது எதுவுமே நடந்திருக்காது.

சரி, நம்ம கதைக்கு வருவோம். இப்போ நான் செய்யறது இதுதான். பிடிச்சா நீங்களும் ட்ரை பண்ணுங்க:

* ஜெபத்தை அலாரமா மாத்திட்டேன். ஏழரைக்கு முன்னாடி தியரி, எட்டுக்கு அப்புறம் கணக்கு. நடுவில் அந்த அரை மணி நேரம் மூளைக்கும் ரெஸ்ட். செல்போன் மட்டும் அம்மா கஸ்டடியில்!

* கதைப் புத்தகம் பஸ்ஸுக்கு. சீட் கிடைக்கிற காலை நேரத்தில் தினம் பத்துப் பக்கம்னா, மாசம் ஒரு புத்தகம் கேரன்டி.

* ஈஸ்டர் மார்ச் 22-ல் இருந்து ஏப்ரல் 25-க்குள்ள எப்போ வேணும்னாலும் வரும். அதை ஒட்டித்தான் வில்லியனூர் திருவிழாவும். செமஸ்டர் எக்ஸாமோட மோதுமான்னு ஜனவரியிலேயே காலண்டரைப் பார்த்து, வீட்டில் பேசி வெச்சுடுங்க. கடைசி நாள் சண்டை மிச்சம்.

* ஒரு வீட்டு வேலையாவது உங்க பேரில் இருக்கட்டும். மாட்டுத் தண்ணி இப்போ என் டிபார்ட்மென்ட்.

ரெண்டு அரியரில் ஒண்ணைத் தூக்கியாச்சு. இன்னொண்ணு பாக்கி. அற்புதம் எல்லாம் நடந்துடலை பாஸ்!

ஆனா ராத்திரி எட்டு மணிக்கு ஆயா பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் ஒரு அதிகாரம் வாசிக்கிறேன். சங்கீதம் வாசிக்கும்போது, நான் அடுத்த வரிக்குப் போறதுக்குள்ள ஆயா உதடு முன்னாடியே அசையும். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டே மனப்பாடம் பண்ணியிருக்காங்க. புத்தகமே திறக்காம!

எங்க வீட்டோட முதல் வாசகர் நான்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இல்லையாம். உங்க வீட்டிலும் ஒருத்தர் இருப்பாங்க. இன்னைக்கு ராத்திரி அவங்க பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டுங்களேன்!