முற்றத்துக் காவலனும் நாமும்

எங்கள் ஊரில் நாயைக் கண்டதும் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் வார்த்தை "தொடாதே" என்பதுதான். என் தம்பியும் அதைக் கேட்டே வளர்ந்தவன். சென்ற வருடம் சிலாவத்துறையில் மாமாவின் ஆட்டுப்பட்டிக்குப் போனவன், அங்கிருந்த நாய்க்குட்டியுடன் விளையாடினான். அது கையைக் கடித்துவிட்டது. உம்மா ஏசுவா என்று பயந்து, நீளக்கைச் சட்டைக்குள் காயத்தை மறைத்துக்கொண்டு இரண்டு நாட்கள் திரிந்தான். மூன்றாம் நாள்தான் உம்மா கண்டா. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டோம். அல்ஹம்துலில்லாஹ், இன்று நலமாக இருக்கிறான். அந்த இரண்டு நாட்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

மாமாவின் பட்டியில் நிற்பது நாட்டு நாய். குட்டையான முடி, நிமிர்ந்த அல்லது பாதி மடிந்த காது, மேல்நோக்கி வளைந்த வால், ஒடுங்கிய உடல். விலை கொடுத்து வாங்கும் வெளிநாட்டு இனங்களைவிட இது நமது வெயிலை நன்றாகத் தாங்கும். பழகிய குடும்பத்தையும் ஆடுகளையும் அடையாளம் வைத்திருக்கும். இரவில் நரியின் வாடை வந்தாலே குரைத்து மாமாவை எழுப்பிவிடும். குட்டி ஆடுகளை நரிக்குப் பறிகொடுத்தவர்களுக்குத்தான் அந்தக் குரைப்பின் பெறுமதி தெரியும்.

மார்க்கமும் இதை மறுக்கவில்லை. வேட்டைக்கும், கால்நடைக்கும், விளைநிலத்துக்கும் காவலாக நாய் வைத்திருக்க நபி (ஸல்) அவர்கள் அனுமதித்துள்ளார்கள். குகைவாசிகளின் வாசலில் படுத்திருந்த நாயைச் சூரா கஹ்ப் பேசுகிறது. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவருடைய பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியும் ஹதீஸில் உண்டு. நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் நாயின் ஈரம் நஜீஸ். பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். சுத்தத்துக்கான இந்தச் சட்டம் நாயைக் கல்லால் அடிக்கவோ பட்டினி போடவோ சொல்லவில்லை.

காவலுக்கு நாய் வைத்திருப்பவர்கள் அதன் தேவையையும் கவனிக்க வேண்டும். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை வெளியே நீட்டி மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. ஆகவே நிழலும், எப்போதும் நிரம்பிய தண்ணீர்ச் சட்டியும் அவசியம். சோறும் உப்பில்லாமல் அவித்த மீனும் அதற்கு நல்ல உணவு. கருவாட்டின் உப்பு, வெங்காயம், சொக்லேட், சமைத்த கோழி எலும்பு ஆகியவை கூடாது. சமைத்த எலும்பு சிராயாக உடைந்து குடலைக் குத்தும். உண்ணி பிடித்திருக்கிறதா என்று காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பார்க்க வேண்டும். பெண் நாய் சுமார் 63 நாட்களில் ஈனும். குட்டிகளைச் சந்தியில் கொண்டுபோய் விடுவதைவிட, மிருக வைத்தியரிடம் கருத்தடை செய்துகொள்வது நல்லது. எல்லாவற்றிலும் முக்கியமானது, வருடந்தோறும் போட வேண்டிய விசர்நாய்க்கடித் தடுப்பூசி.

விசர்நோய்க் கிருமி நாயின் உமிழ்நீரில் இருக்கும். கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகும். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய நடவாத காரியம். ஆனால் மூளையை அடைய அதற்குப் பெரும்பாலும் பல கிழமைகள் எடுக்கும். அந்த இடைவெளியில்தான் ஊசி நம்மைக் காப்பாற்றுகிறது. 1885இல் லூயி பாஸ்டர் தமது தடுப்பு மருந்தை முதலில் கொடுத்ததும் நாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்கே. இலங்கையில் 1973இல் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். நாய்களுக்கும் மனிதருக்கும் ஊசி போட்டதால் அந்தத் தொகை இன்று வெகுவாகக் குறைந்துள்ளது. ஆனாலும் இன்னும் பூச்சியமாகவில்லை.

நாய் கடித்தால் அல்லது நகத்தால் கீறினால், உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம். சொல்லும் நாட்களில் தவறாமல் எல்லா ஊசிகளையும் போட வேண்டும். கடித்த நாயைக் கொன்றுவிடாமல் கட்டி வைத்து இரண்டு கிழமை கவனிக்க வேண்டும். குட்டி நாய்தானே, சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடக்கூடாது.

தோழிகளே, தம்பி தங்கைகளுக்கு இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள். சாப்பிடும் நாயையும், தூங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் நெருங்கக்கூடாது. நாய் துரத்தினால் ஓடாமல், கத்தாமல், பனைமரம்போல அசையாமல் நிற்க வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "நாயைத் தொடாதே" என்று சொல்லும்போது, "கடித்தால் முதலில் என்னிடம் சொல், நான் ஏசமாட்டேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் உம்மா இப்போது அப்படித்தான் சொல்கிறா. மாமாவும் பட்டி நாய்க்கும் குட்டிக்கும் ஊசி போட்டுவிட்டார். தம்பி இன்றும் பட்டிக்குப் போகிறான். தண்ணீர்ச் சட்டியை நிரப்பி வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறான்.