44 வயசு வரை ஹாக்கியா?

17 வருஷ கான்ட்ராக்ட். 10 கோடியே 20 லட்சம் டாலர்! ரஷ்ய ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் இலியா கோவல்சுக்குக்கு 2010-ல் அமெரிக்காவின் நியூஜெர்ஸி டெவில்ஸ் அணி நீட்டிய பேப்பர் அது. ஆளுக்கு அப்போது வயசு 27. கான்ட்ராக்ட் முடியும்போது 44! அந்த வயசில் பனியில் சறுக்கினால் இடுப்பு என்னத்துக்காகும்?

அங்கேதான் சூட்சுமம். அவர் ஆடிய என்.ஹெச்.எல். போட்டிகளில் ஓர் அணி தரும் மொத்தச் சம்பளத்துக்கு 2005 முதல் உச்சவரம்பு உண்டு. அந்தக் கணக்கில் ஏறுவது கான்ட்ராக்டின் வருஷ சராசரி. டெவில்ஸ் என்ன செய்தது? மூன்றாம் வருஷம் முதல் ஐந்து வருஷத்துக்குத் தலா 1 கோடியே 15 லட்சம் டாலர். கடைசி ஐந்து வருஷமோ வெறும் ஐந்தரை லட்சம். சராசரி 60 லட்சம்தான்! நாற்பதில் மனுஷன் ஓய்வு பெற்றால் யாருக்கு நஷ்டம்? பலே கணக்கு!

லீக் விடவில்லை. நடுவர் ரிச்சர்ட் பிளாக்கும் 'செல்லாது' என்றார். அப்புறம் 15 வருஷம், 10 கோடி என்று திருத்திய பிறகே ஓ.கே. ஆனது.

2013-ல் கோவல்சுக் ஓய்வு என்று சொல்லிவிட்டு, ரஷ்ய அணிக்கு ஆடக் கிளம்பிவிட்டார்! பாக்கி 12 வருஷம், 7 கோடியே 70 லட்சம் டாலர். போனவர் போய்விட்டார்; டெவில்ஸின் உச்சவரம்புக் கணக்கில் மட்டும் 2025 வரை வருஷா வருஷம் இரண்டரை லட்சம் டாலர் அவர் பேரில் ஏறிக்கொண்டே இருந்தது.