அப்பத்தா கையெழுத்து

பால் கணக்கை மாசம் முழுக்க மனசுலயே வெச்சிருந்தவங்க எங்க அப்பத்தா. டிமென்ஷியா வந்தப்புறம் 500 ரூபாய் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "யாரோடதுய்யா இது?"ன்னு என்கிட்டயே நீட்டுவாங்க. "சாப்பிட்டியா?"ன்னு கேட்க மட்டும் கடைசிவரை மறக்கல.

"பாட்டிக்கு மறதி ஆரம்பிச்சிருக்கு, பவர் எழுதி வாங்கிட்டா போதுமா சார்?"ன்னு நிறைய பேர் கேட்கறீங்க. போதாது. எழுதிக் கொடுத்தவர் மனத்திறனை இழந்தா அந்த பவர் முடிஞ்சுபோகும். இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201. நாமினியாலயும் அவர் உயிரோட இருக்கிறவரை பணம் எடுக்க முடியாது. அப்புறம் காப்பாளர் நியமனத்துக்குக் கோர்ட் படி ஏறணும்.

அதனால அப்பத்தாவுக்கு விஷயம் புரியும்போதே அவங்க சேமிப்புக் கணக்குல அப்பாவைச் சேர்த்து, 'எய்தர் ஆர் சர்வைவர்'னு மாத்தினோம். கையெழுத்துப் போடறதுக்குள்ள "எதுக்குய்யா இது?"ன்னு மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் அப்பா பொறுமையா சொன்னார். அந்தப் பணம் அவங்க மருந்துக்கே போச்சு.

மூத்த குடிமக்களோட டிமென்ஷியா சிகிச்சைக்கு, பழைய வரி முறையில கழிவு 1 லட்சம் வரை உண்டு. பாதிப்பு 40 சதவீதமாவது இருக்கணும், ஸ்பெஷலிஸ்ட் சீட்டு வேணும். அப்பா எடுத்துக்கிட்டார். பேரன் நான் செலவழிச்சதுக்குக் கிடையாது. சட்டத்தோட 'சார்ந்தவர்' பட்டியல்ல அப்பத்தா இல்லையாம்!